பெயர் போடாமல் ஒரு நன்றி

எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நன்றிக் கடிதம் என்றால் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் எழுத வேண்டும். இதில் ஒரு பெயரும் இருக்காது. பிள்ளையின் பெயர், ஊர், பள்ளி, குடும்ப விவரம் என எதையும் வெளியிடக் கூடாது என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. உங்கள் பெயரைப் போட்டாலும் ஆபத்துதான். அதை வைத்துப் பிள்ளை யாரென்று கண்டுபிடிக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அரை நாள் போதும். காவிரித் தண்ணீர் பாயும் ஓர் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெண்ணா பையனா என்பதும் வேண்டாம், அந்தச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. படித்தால் யாருக்குச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் டீச்சருக்கு. பிள்ளை உங்களிடம் சொன்னது பாதிதான். மீதியைத் தோண்டிக் கேட்காமல், "எங்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு, இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் சொன்னீர்கள். வெளியே தெரிந்தால் கெட்ட பேர், வீட்டாரே பேசிக்கொள்ளட்டும் என்று உங்களிடம் ஒருவர் சொன்னாராம். தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் அதுவே குற்றம் என்று சட்டத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்தீர்களாம். சட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள் என்பது வேறு விஷயம்.

அன்று மாலையே குழந்தைகள் உதவி எண் 1098இல் பேசியதும் நீங்கள்தான். அந்த முனையில் பேசியவரின் முகம் எங்களுக்குத் தெரியாது. பிள்ளை இப்போது யாரோடு இருக்கிறது, தப்பு செய்த அந்த ஆள் அங்கே வர முடியுமா, சாப்பிட்டதா என்றுதான் அவர் கேட்டாராம். நடந்ததைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் கேட்கவில்லை. காசு பிடிக்காத எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். இதைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதத்தைப் பலர் கண்ணில் படும்படி எழுதுகிறேன்.

மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. அம்மாவுக்கு. காக்கி போடாமல் சுடிதாரில் வந்தீர்கள், ஜீப்பைத் தெருவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டீர்கள். பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலையவிடாமல் அது இருக்கும் இடத்துக்கே போய்ச் சீருடை இல்லாமல் விசாரிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்தில் இல்லாத ஒன்றும் செய்தீர்கள். பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நீங்களும் பேசாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நடுவில் எழுந்து கொல்லைப்பக்கம் போனபோதும் கூப்பிடவில்லை. அதுவாகத் திரும்பி வந்து, தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது.

பிள்ளையைப் பிடுங்கி ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று உறவில் பாதிப் பேர் பயமுறுத்தினார்கள். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போது எங்கள் காதில் மிரட்டலாகத்தான் விழுந்தது. அந்தக் குழு கேட்டதோ, அதே கூரையின் கீழ் அந்த ஆள் இருப்பானா, பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதைத்தான். அம்மா பிள்ளையோடு அந்த வீட்டை விட்டு வெளியே வந்திருந்தார். பெண்கள் உதவி எண் 181இல் பேசியதும், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சகி மையத்தில் தங்க இடம் கொடுத்தார்கள். சில நாள்தான் தங்கலாம், ஆனால் அடுத்து எங்கே போவது என்று யோசிக்க அந்தச் சில நாள்தானே வேண்டும். பிள்ளையை அம்மாவிடமே விட்டது குழு.

துணைக்கு ஒரு பெண்ணையும் அனுப்பியது. அக்கா என்றுதான் பிள்ளை கூப்பிடுகிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த வாய்தா என்றைக்கு, எந்த பஸ்ஸில் வந்தால் சரியாக இருக்கும், கோர்ட்டில் எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதுவரை சொன்னீர்கள். சினிமாவில் வருவதுபோல் கூண்டில் ஏற்றிக் கத்த மாட்டார்கள், எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியை நீதிபதியிடம்தான் கொடுக்க வேண்டும், அதை அவர்தான் உன்னிடம் கேட்பார், அந்த ஆளை நீ பார்க்கவே வேண்டியதில்லை என்று பிள்ளைக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தீர்கள். அப்படியேதான் நடந்தது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் இதற்கு மேல் வேண்டாம்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலம்மாவுக்கும் நன்றி. கொஞ்சம் நிலம் இருக்கிறதே, நமக்கெல்லாம் இலவச வக்கீல் எங்கே கிடைப்பார் என்று தயங்கி நின்றோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால நிவாரணம் கேட்கலாம் என்பதும் உங்களால்தான் தெரிந்தது. படிப்பு நிற்கவில்லை.

அப்புறம் அந்தப் பெரியவர். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு பேசி முடித்துவிடலாம் என்று கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். "இது நாம உக்காந்து பேசற வழக்கு இல்லப்பா, கோர்ட்டு பாத்துக்கும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். நீங்கள் எழுந்த பிறகு அங்கே உட்கார யாருக்கும் துணிச்சல் இல்லை.

துக்கம் விசாரிப்பதுபோல வந்து, காபி குடித்துவிட்டு, "என்னதான் நடந்துச்சு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி இல்லை. பிள்ளை எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய இடம் போலீஸ், மாஜிஸ்திரேட், விசாரணை நீதிமன்றம் என்று இருக்கிறது. அதுவே ஒரு சின்னப் பிள்ளைக்கு அதிகம். இவர்களுக்கு வேறு எதற்குச் சொல்ல வேண்டும்?

கடைசியாக, பக்கத்து வயல்காரர்களுக்கு. சாட்சி சொல்லும் வாய்தா சரியாகச் சம்பா அறுவடையில் வந்து விழுந்தது. கொள்முதல் நிலையத்தில் கொட்டிய நெல்லை அப்படியே போட்டுவிட்டுப் போக வேண்டிய நிலைமை. தை மாதப் பனியில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும். வெயில் ஏறியதும் நெல்லைக் கிளறிவிட்டு, பொழுது சாய்ந்ததும் மூடி, ராத்திரி முறைபோட்டுக் காவலுக்குப் படுத்து, எங்கள் முறை வந்தபோது எடை போட்டு அனுப்பியும் விட்டீர்கள். நாங்கள் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

உங்கள் தார்ப்பாய் இரண்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒன்றில் ஓரம் கிழிந்துவிட்டது. அதைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன், குறுவை அறுப்புக்குள் வந்துவிடும்.

இப்படிக்கு,
பிள்ளைக்கு வேண்டியவர்களில் ஒருத்தி