பின்கட்டுச் சாவி

தம்பிக்கு,

நேற்று வாப்பாவுக்கு வருஷப் பாத்திஹா ஓதினோம். நீ ஏன் வரவில்லை என்று கீழக்கரையில் ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் உறைத்தது.

சிங்கப்பூரில் அந்தச் சீனக் கிழவி ‘இந்தியருக்கு அறை இல்லை’ என்று போனை வைத்ததைக் குடும்பக் குழுவில் எழுதினாய். ‘நாம மட்டும் யோக்கியமா?’ என்றேன். அது பொய்யில்லை. ஆனால் மச்சான்மார், மருமக்கள் பார்க்க, நீ அடிபட்டு நின்ற நேரத்தில் சொன்னது தப்பு. 1989-இலிருந்து அங்கே அரசு கட்டும் வீவக வீடுகளுக்கு இன விகிதம் வைத்திருந்தாலும் அறைக்கதவு அவரவர் கையில்தான் என்றாயே, அது சரி. அங்கேயே 2019-இல், இந்தியராகக் காட்ட முகத்தைக் கறுப்பாக்கி நடித்த விளம்பரத்தைக் கேலி செய்து பாடிய இருவரும் உடன்பிறந்தவர்கள். போலீஸ் எச்சரிக்கையையும் சேர்ந்தே வாங்கினார்கள். இங்கே உன்னை எச்சரித்ததே நான்தான்.

1991. ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் சிலோன் பேச்சு கேட்டாலே ஊர் ஒதுங்கிய மாதங்கள். அந்தம்மா கைக்குழந்தையோடு வாசலில் நின்று, “இடம் இருக்கோ தம்பி?” என்றார். தமிழ்தான், மன்னார்த் தமிழ். தாழ்வாரத்தில் இருந்த வாப்பா கண்ணைக் காட்டினார். “நேத்துத்தான் ஆள் வந்துட்டாங்க” என்றேன். நீ பின்கட்டுச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு, “இல்லையே காக்கா, சும்மாத்தானே கிடக்கு” என்றாய். தொடையில் கிள்ளினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

பயம்தான் தம்பி. போலீஸ் வந்து நிற்கும் என்று வாப்பாவுக்குப் பயம். அந்தக் கிழவிக்கும் ஏதாவது பயம் இருந்திருக்கும் என்று எழுத வந்தேன். வேண்டாம், மறுபடி ஆரம்பித்துவிடுவேன்.

ஊரில் இன்றைக்கு யார் யாருக்கு வீடு தரமாட்டேன் என்கிறார்கள் என்றும் எழுதலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே. விட்டுவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். நியாயம் பேச உனக்குத் தூரம் இருந்தது. கடைசி எட்டு மாதம் வாப்பாவுக்கு மூத்திரப் பை மாற்றியது யார்? நீ அனுப்பிய நீளமான குரல்பதிவுகளை ஓடவிட்டபடியேதான் மாற்றினேன். நீ பேசியது எல்லாமே நன்றாக இருந்தது. அவருக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் அதில் ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

பின்கட்டை வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். முந்தாநாள் பாம்பனிலிருந்து ஒருவர் வந்தார். “நீங்க என்ன ஆளுங்க?” என்று என் வாய் கேட்டேவிட்டது. அவர் பதில் சொல்லவில்லை. நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு உன் பேரிலும் இருக்கிறது. போனை எடு.

காக்கா