எதிர்வீட்டு விறகடுப்புக்கு எங்கள் நன்றி

ஆயியோஸ் ஸ்தேஃபனோஸ், ஏதென்ஸ்
பிப்ரவரி 2021

எதிர்வீட்டுக் கிரியா அவர்களுக்கும், ரம்பத்தோடு வந்த தம்பிக்கும், ரொட்டிக்கடை அண்ணனுக்கும் வணக்கம்.

மனதில் இருப்பதை எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது. மகன் கிரேக்கத்தில் உங்களுக்குச் சொல்லிவிடுவான். நம் ஆட்களும் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

'மெதேயா' என்று பேர் வைத்த பனிப்புயல் இங்கே அடித்தது. 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அக்ரோபோலிஸ் வெள்ளை வெளேரென்று நின்ற படத்தை ஊரிலும் பார்த்திருப்பார்கள். எங்கள் வடக்குப் புறநகர்ப் பக்கம் பைன் மரங்கள் பனியின் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகள் மேல் சாய்ந்துவிட்டன. இங்கே அடுப்பு, வெந்நீர் எல்லாம் மின்சாரத்தில். வீட்டைச் சூடேற்றும் கலோரிஃபேர் எண்ணெயில் எரிந்தாலும் அதன் பம்பு சுற்றக் கரண்ட் வேண்டும். மத்தியானத்துக்குள் வீடு சில்லிட்டுப் போய், அம்மா இரண்டு போர்வைக்குள் நடுங்க ஆரம்பித்தார்.

கிரியா, முதல் நன்றி நீங்கள் போட்ட சத்தத்துக்கு. பால்கனியில் கரி பற்றவைத்து, கங்கு கனிந்ததும் அந்தச் சட்டியை அம்மா படுத்திருக்கும் அறைக்குள் வைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் தூக்கினார். எதிரிலிருந்து பார்த்துவிட்டு "ஓஹி மேசா! ஓஹி மேசா!" (உள்ளே வேண்டாம்) என்று கத்திக்கொண்டே பனியில் இறங்கி வந்தீர்கள். 2012இல் சூடேற்றும் எண்ணெய்க்கு வரி ஏறியபின் வாங்க முடியாமல் பலர் கரிச்சட்டிக்குப் போனதையும், 2013 டிசம்பரில் தெசலோனீகியில் ஒரு சிறுமி அந்தப் புகையில் இறந்ததையும் அப்புறம் சொன்னீர்கள். கங்கு கனிந்துவிட்டால் புகை கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது, ஆனால் அந்தக் காற்று ஆளைக் கொன்றுவிடும். அது எங்களுக்குத் தெரியாமலிருந்தது. அம்மா இன்று இருப்பது உங்களால்.

அதோடு விடாமல் எங்கள் நான்கு பேரையும் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். அப்போது கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்தது, கடைக்குப் போகக்கூட 13033க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டியிருந்தது, உங்களுக்கு வயது எழுபதுக்கு மேல். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்து, மற்ற அறைகளின் கதவைச் சாத்தி, வாசல் இடுக்கில் பழைய கம்பளியைச் சுருட்டி வைத்து, ஒரே அறையில் எல்லோரையும் இருத்தினீர்கள். நடுவில் அந்த இரும்பு விறகடுப்பு, உங்கள் 'க்ஸிலோசோம்பா'. ஆலிவ் கட்டை ஒன்று போட்டால் எவ்வளவு நேரம் நின்று எரிகிறது!

அம்மா மாமிசம் சாப்பிட மாட்டார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நிஸ்தீசிமா!" என்று விரதச் சமையலின் பேரைச் சொல்லிச் சிரித்து, அன்றிரவே வெள்ளை பீன்ஸை ஊறப்போட்டீர்கள். மறுநாள் முதல் கொதி வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வெங்காயம், கேரட், செலரி, தக்காளி போட்டு, தாராளமாக ஆலிவ் எண்ணெய் ஊற்றி அடுப்பின் தலையில் ஏற்றிய ஃபசோலாதா பாதிப் பகல் மெதுவாக வெந்தது. அவசரப்பட்டு மூடியைத் திறந்த என் கையில் ஒரு செல்ல அடியும் விழுந்தது. இந்த நாட்டின் தேசிய உணவு என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் குளிரில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்ட எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அம்மாவுக்கு மறக்காதது த்ரஹனாஸ் கஞ்சிதான். ஆகஸ்ட் வெயிலில் புளித்த பாலில் உடைத்த கோதுமையைக் காய்ச்சி, உதிர்த்து, காயவைத்து உங்கள் தங்கை கிராமத்திலிருந்து அனுப்பியது. ஒரு வாய் குடித்ததும் அம்மா "அடி, இது மோர்க்கூழ்!" என்றார். இந்த ஊரில் கால் வைத்த நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மகனுக்கு யூவர்லாக்கியா (அரிசி கலந்த இறைச்சி உருண்டைச் சூப்) செய்தீர்கள். பனி மூடிய மரத்திலிருந்து எலுமிச்சை பறித்து, முட்டையோடு அடித்து, திரியாமலிருக்கக் கொதிசாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்க அவனுக்கே கற்றுக்கொடுத்தீர்கள். இப்போது வீட்டில் அது அவன் வேலை.

தம்பி, எங்கள் வாசலில் விழுந்த பைனை அறுத்து வழி விட்டதோடு, பச்சை விறகு புகையும் என்று உன் வீட்டுக் காய்ந்த கட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாய். ரொட்டிக்கடை அண்ணே, மூன்று நாளும் காசு வாங்கவில்லை நீங்கள். உங்கள் இருவருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

வியாழன் இரவு விளக்கு எரிந்தபோது மகன் கேட்டான்: "இன்னும் ஒரு நாள் இங்கேயே இருக்கலாமா?" நீங்கள் மறுபடி கஞ்சிப் பானையை ஏற்றினீர்கள், கிரியா. அந்தப் பானை மிச்சக் கஞ்சியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது, இன்னும் இங்கேதான் இருக்கிறது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்க்கரைப் பொங்கல் வைக்கிறார். அதோடு வருகிறோம்.

அன்புடன்,
எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பம்