ஒன்பதாம் வகுப்பிலேயே அடுப்படியைக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் 2-வுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் அரைப் பக்கம், கேட்டரிங்குக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. திருச்சியில் 22 வருடமாக ஹோட்டல் அடுப்படியில் நிற்கிறவன் நான், அந்த ஒரு வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் மகள் படிக்கும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். ஒரு கிலோ வெங்காயம், கத்தி, தராசு, சாம்பார் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் எல்லாம் எடுத்துப்போனேன். உரித்தபின் நிறுத்தால் 900 கிராம். கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினால் சட்டியில் விழும் வெங்காயம் கிலோ என்ன விலை என்று கேட்டேன். ஒரு பெண் நோட்டில் போட்டுப் பார்த்து 44 ரூபாய் 44 காசு என்றாள், அதோடு விடாமல் "அப்போ அந்த 100 கிராமும் நஷ்டம்தானே, அதை இலைச் சாப்பாட்டு விலையில எப்படி எடுப்பீங்க?" என்றாள். சாப்பாட்டுக்கு விலை போடும் வேலையே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது! பரிமாறுவது, சரக்கு வாங்குவது, பேக்கரி, உணவுப் பரிசோதனைக் கூடம் என்று இந்தத் தொழிலுக்குள் எத்தனையோ வேலை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் வரும் வெள்ளைத் தொப்பி ஒன்றுதான்.

ஏன் ஒன்பதிலேயே சொல்ல வேண்டும் என்கிறேன் என்றால், தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது, நெல் ஆராய்ச்சிக்காகத் தொடங்கி 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆனது. அங்கே உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். சேர ஜேஇஇ என்ற பொறியியல் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பிளஸ் 1-லேயே கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்திருக்க வேண்டும். பிளஸ் 2 முடித்தபின் சொன்னால் என்ன பயன்? சென்னை தரமணியிலும் இங்கே துவாக்குடியிலும் உள்ள அரசு ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்களில் பட்டப்படிப்புக்கு எந்த குரூப் என்றாலும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும், தேசிய அளவில் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. பத்தாவது தேறினாலே ஐடிஐ-யில் உணவு தயாரிப்புப் பிரிவில் ஓராண்டு படிக்கலாம்.

இது எதுவும் தெரியாமல்தான் என் அக்கா மகன், கப்பலில் வேலை என்ற பேச்சை நம்பி, ஒரு தனியார் பயிற்சி மையத்தில் பெரும்பணம் கட்டி ஆறு மாதம் படித்தான். அந்தச் சான்றிதழை எங்கேயும் ஏற்றுக்கொள்ளவில்லை. அக்கா அடகு வைத்த நகை இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

அப்புறம், கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பத்து மணி நேரம் நிற்க வேண்டும், தீபாவளி பொங்கலுக்கு ஊரே வீட்டில் இருக்கும்போது நமக்கு அன்றுதான் கூட்டம். அதைத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் நிலைக்கிறார்கள். வீட்டில் மூன்று வேளையும் பெண்கள் சமைக்கிறார்கள், சம்பளம் வரும் அடுப்படியில் அவர்களைக் காணோம். "பொம்பளப் பிள்ளை ஹோட்டல் வேலைக்கா?" என்று கேட்கும் பெற்றோரையும் பிள்ளைகளோடு கூட்டி வந்து காட்ட வேண்டும்.

தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வகுப்புகள் நடக்கின்றன. அதில் ஒரு நாளை அடுப்படிக்கு ஒதுக்கச் சொல்லி உங்கள் இதழ் எழுத வேண்டும். எங்கள் ஹோட்டலில் மாலை 3 மணியிலிருந்து 5 மணிவரை அடுப்பு ஓய்ந்திருக்கும், முதலாளியிடம் கேட்டேன், பத்துப் பத்துப் பேராக அழைத்து வரலாம் என்று சொல்லிவிட்டார். வெங்காயக் கணக்குப் போட்ட அந்தப் பெண்ணின் பெயரைத்தான் முதல் பத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சமையல் மாஸ்டர்,
திருச்சி