புளியைத் தொடாதே

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சேது,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வைத்திக்கு மறுபடி ப்ரமோஷன் தள்ளிப்போச்சு; காரணம் நீயே ஊகித்துக்கொள்.

மாப்பிள்ளை சிகாகோவிலிருந்து கொண்டுவந்த காசின் படம் கிடைத்தது. 1863, பழைய சென்ட் அளவு, பின்பக்கம் ‘நாட் ஒன் சென்ட்’ (ஒரு சென்ட் அல்ல), அதில் ‘நாட்’ மட்டும் பொடி எழுத்து. பார்த்தவரை அமெரிக்க உள்நாட்டுப் போர் டோக்கன்தான். 1862-ல் சில்லறையை ஜனங்கள் பதுக்க ஆரம்பித்ததும் அதற்குப் பதிலாகக் கடைக்காரர்களே இப்படி டோக்கன் அடித்துக்கொண்டார்கள். லிண்டன்முல்லர் என்ற நியூயார்க் சாராயக்கடைக்காரர் பத்து லட்சத்துக்கு மேல் விட்டாராம். டிராம் கம்பெனி தன்னிடம் சேர்ந்த அவர் டோக்கன்களை மாற்றித் தரச் சொன்னபோது கையை விரித்துவிட்டார். 1864 ஜூனில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

அது கிடக்கட்டும். ‘புளி போட்டுத் தேய்க்கப்போகிறேன்’ என்று எழுதியிருக்கிறாயே, குத்துவிளக்காடா அது? புளியின் அமிலம் கறுப்போடு நிற்காது, செம்பின் மேல்தோலையும் அரிக்கும். ஒரு ரோஸ் நிறம் வரும் பார், விவரம் தெரிந்தவன் எட்ட நின்றே சொல்லிவிடுவான். பிராஸோ பாலிஷ் போட்டாலும் அதே கதிதான்.

வெறும் மண் என்றால் டிஸ்டில்ட் வாட்டரில் ஒரு நாள் ஊறட்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து, அடுப்புக்குத் தள்ளி. நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, அதில் வேறு சரக்கெல்லாம் கலந்திருக்கும். எடுத்தபின் தேய்க்காதே, தானாகக் காயவிடு. விளிம்பைப் பிடி, முகத்தைத் தொடாதே.

பச்சைக் களிம்பு கெட்டியாக ஒட்டியிருந்தால் பேசாமல் விடு. மரக்குச்சியால் தொட்டதும் வெளிர்பச்சை மாவாக உதிர்ந்தால்தான் வம்பு: குளோரைடும் ஈரமும் சேர்ந்து உள்ளே தின்கிறது. மற்ற காசுகளிடமிருந்து உடனே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போடு. உங்கள் தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு இது ரொம்ப முக்கியம். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சைப் பிசின் கக்கும். மைலார் என்கிற பாலியெஸ்டர் உறைதான் சரி.

கடைப்பெயர் இருக்கிறதா? இருந்தால், இந்த டோக்கன்களுக்கு எண் போட்டு வைத்திருக்கும் ஃபுல்ட் பட்டியலில் மாநிலம், ஊர், கடை என்று தேடு. ஓஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி என்றால் ஓஹெச் 165. எண்ணின் கடைசி எழுத்து உலோகம்: ‘ஏ’ செம்பு, ‘பி’ பித்தளை. ஒரே அச்சு செம்பில் மலிவாகவும் வேறு உலோகத்தில் அபூர்வமாகவும் இருக்கும். நீ தேய்த்துவிட்டால் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, புரிகிறதா?

இரண்டு பக்கமும் சாய்வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு, எடையும் போட்டு எழுது. அந்தப் பக்கம் மோர்வி, பூந்தி சமஸ்தானங்கள் இரண்டாம் உலகப் போரின்போது சில்லறைக்குப் பதில் விட்ட கேஷ் கூப்பன் ஏதாவது கண்ணில் பட்டால் எனக்கு எடுத்து வை. அவை அட்டை, தண்ணீர் காட்டிவிடாதே.

உன்,
ராமு