தையல் பிரிவு அக்காவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

குழந்தைகளின் மூக்கு சிவந்துகொண்டிருந்த அந்த நாட்கள் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். திரும்ப எழுத மனமில்லை. கடைசிக் குழந்தையும் சிபாப்பை (மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவியை) விட்டுத் தானாக மூச்சு விடுகிறது. ஒரு குழந்தைக்கும் மூக்கில் புண் இல்லை. சிவந்திருந்த மூக்குகளும் தெளிந்துவிட்டன. கை நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி தையல் பிரிவு அக்காவுக்கு. போர்வையும் பச்சைத் துணியும் தைக்கிற அறையிலிருந்து மூக்குப் புண்ணுக்குத் தீர்வு வரும் என்று யாருமே நினைக்கவில்லை. தொப்பி வேண்டும் என்றதும் அளவை எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் வார்டு வாசல்வரை வந்து, “இந்தத் தொப்பி எதைத் தாங்கணும், சிஸ்டர்?” என்று கேட்டார். சரியான கேள்வி அதுதான்.

சிபாப்பின் இரண்டு குழாய்களும் தொப்பியில்தான் கட்டப்படுகின்றன. தொப்பி தளர்வாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக உச்சந்தலைக்கு ஏறும். கூடவே குழாயும் ஏற, பிராங்ஸ் (மூக்குத் துவாரங்களில் செருகும் இரட்டை முனை) மூக்கை மேலே தூக்கி, இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள தண்டில் போய் அழுந்தும். குறைமாதக் குழந்தையின் தோல் மிக மெல்லியது. தண்டுக்கு வரும் ரத்தக் குழாய்களும் நூல் போன்றவை. முதலில் மறையாத சிவப்பு, அடுத்து தோல் உரிந்த புண், அதற்கும் அடுத்து கறுத்துப்போகும். கறுத்துவிட்டால் தண்டே அழிந்துபோகலாம். பிராங்ஸின் அடிப்பகுதிக்கும் தண்டுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளி எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அக்கா பழைய தொப்பியை இழுத்துப் பார்த்தார். துணி நெட்டுவாக்கில் வெட்டப்பட்டிருந்ததால் தலையைச் சுற்றிப் பிடிக்கவில்லை. பனியன் துணியைத் திருப்பிப் போட்டு, இழுவை தலையைச் சுற்றி வரும்படி வெட்டினார். தையல் மடிப்பை வெளிப்பக்கம் வைத்தார். உள்ளே வைத்தால் நெற்றியில் கோடு விழும். நாங்கள் ஊக்கு குத்தி ரப்பர் பேண்டு மாட்டும் இடத்தில், இரண்டு காதுக்கும் மேலே துணிக் கொக்கிகள் தைத்துக் கொடுத்தார். ஊக்கு போனது பெரிய நிம்மதி. ஒருக்களித்துப் படுக்கும் குழந்தையின் மண்டையில் அது குத்துமோ என்று இனிப் பயமில்லை. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கட்டுவதால் மூக்கு ஒரு பக்கமாகக் கோணவும் இல்லை. தலைச் சுற்றளவு 22 செ.மீ. தொடங்கி 2 செ.மீ. ஏற்றி ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் விளிம்பில் ஒரு நிற நூல். இரவு ஷிஃப்டில் யாரும் அளவு தேடித் தடுமாறவில்லை.

தொப்பி புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, காது மடங்காமல் முழுதும் மூடி, பிடரிவரை இறங்க வேண்டும். இப்போது இறங்குகிறது.

மருந்துக் கிடங்கில் ஹைட்ரோகொலாய்டு (தோலைக் காக்க மூக்கில் ஒட்டும் மெல்லிய பட்டை) தேடிக் கொடுத்த அண்ணனுக்கும், ஈரப்பதக் கருவியின் சூட்டை 37 டிகிரியில் நிறுத்திக் காத்த டெக்னீஷியன் தம்பிக்கும், குழாயில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்த பயிற்சி மாணவியருக்கும், நெஞ்சோடு அணைத்திருந்தபடியே “சிஸ்டர், மூக்கு தூக்கிட்டு நிக்குது” என்று குரல் கொடுத்த தாய்மார்களுக்கும் நன்றி. காற்று வறண்டால் சளி காய்ந்து பொருக்காகும். அதை எடுக்க உறிஞ்சுகுழாய் போட்டால் மூக்கின் உட்புறம் கீறும். டெக்னீஷியன் தம்பி பாதிப் புண்ணைத் தடுத்திருக்கிறார், அவருக்கே அது தெரியாது.

தொப்பி நன்றாக இருந்தாலும் பிராங்ஸ் அளவு தவறினால் பயனில்லை. மூக்குக்கு வலிக்குமே என்று சிறியதைப் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சிறியது போட்டால் காற்று கசியும், குழாயின் மறுமுனை மூழ்கியிருக்கும் தண்ணீர் பாட்டிலில் குமிழி நிற்கும், உடனே யாராவது பிராங்ஸை உள்ளே தள்ளுவார்கள். தள்ளியது நேராகத் தண்டில் போய் இடிக்கும். துவாரத்தை நிறைக்க வேண்டும், ஆனால் மூக்கு மடல் வெளுக்கக் கூடாது; அதுதான் அளவு. ஹைட்ரோகொலாய்டும் ஒரே ஒரு அடுக்கு போதும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் அந்தத் தடிமனே அழுத்தும்.

இனி ஷிஃப்டு மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து டார்ச் அடித்து மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். நடுவில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பதும், முடிந்தபோதெல்லாம் பிராங்ஸையும் மாஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போடுவதும் எங்கள் பொறுப்பு. வாரம் ஒருமுறை தலைச் சுற்றளவும் எடுப்போம். எடையைப் பார்த்துத் தொப்பி மாட்டும் வழக்கம் இந்த வார்டில் முடிந்தது.

அக்கா, நன்றி மடலிலேயே வேலையும் சொல்கிறோமே என்று கோபிக்க வேண்டாம். நீல நூல் தொப்பிகள் துவைத்துத் துவைத்து இழுவை போய்விட்டன. அவற்றைத் தனியே கட்டி அனுப்புகிறோம், புதிதாகத் தைத்துத் தாருங்கள். குழந்தைகளின் தலை வளர்கிறது, அடுத்த அளவிலும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

அன்புடன்,
பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள்