நனைந்த கொடியை நம்பாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு அவசரமாக ஏதோ சொல்லி வைத்தேன். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

புனேயில் மழை விட்டபாடில்லை, 50 மீட்டர் ரைஃபிள் பயிற்சியில் வெயில் நாளில் டார்கெட்டின் பத்து வளையத்தில் விழுந்த குண்டெல்லாம் இப்போது ஒன்பதுக்கும் எட்டுக்கும் ஓடுகிறது என்றாய். மழைத்துளி பட்டுத்தான் குண்டு விலகுகிறது என்று கூடச் சுடுகிற பிள்ளைகள் சொல்கிறார்களாம். துளி பட்டு ஒரு ஷாட் கெடலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் பாயின்ட் டூ டூ (.22) ரைஃபிளின் குண்டு 2.6 கிராம். 2 மில்லிமீட்டர் துளி ஒன்றின் எடை 4 மில்லிகிராம்தான். அதோடு, துளி பட்டுக் கெடுகிற ஷாட் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சிதறித்தான் விழும். நீ அனுப்பிய படத்தில் குரூப், அதாவது குண்டுகள் விழுந்த கூட்டம், கலையவே இல்லை, அப்படியே மொத்தமாக இடது பக்கம் நகர்ந்திருக்கிறது. அது காற்று செய்த வேலை, கண்ணு. வலப்பக்கமிருந்து அடித்த காற்று.

ரேஞ்சில் காற்றைக் காட்டக் கட்டியிருக்கும் கொடி அசையவே இல்லையே என்பாய். அசையாதுதான். 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் தொங்குகிற அந்தக் கொடி 5 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள வெறும் துணி. தண்ணீர் குடித்ததும் கனத்துப்போய்க் கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்திருந்தால் படபடக்கிற காற்றில்கூட நனைந்த கொடி சும்மா கிடக்கும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், 50 மீட்டரில் உன் குண்டு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பத்து வளையத்தின் மொத்த அகலமே 10.4 மில்லிமீட்டர். நடுவில் விழ வேண்டியது ஒன்பதாகிவிடும்.

கொடியை மட்டும் பார்க்காமல் மழையையே பார். ஷெட் கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற நீர் நேராக இறங்குகிறதா, சாய்கிறதா? டார்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கருப்புப் பரப்பில் மழைக்கோடு எந்தப் பக்கம் சரிகிறது? ஒன்றை மறக்காதே: தூறல் மெதுவாக இறங்குவதால் சின்னக் காற்றுக்கே சாய்ந்துவிடும். பெரிய துளி வேகமாக விழும், அவ்வளவு சாயாது. தடித்த மழை லேசாகச் சாய்ந்தாலே காற்று பலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள். நம் கோவையில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற சாரலை வைத்துத்தான் நான் இதைப் படித்தேன்.

ஈரக் காற்று கனமாக இருக்கும், குண்டை இழுக்கும் என்பதையும் நம்பாதே. நீராவி மற்ற காற்றைவிட லேசானது. 50 மீட்டரில் அதை நினைக்கவே வேண்டாம்.

தண்ணீர் துப்பாக்கிக்குள் போவதுதான் எனக்குப் பயம். ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்தபோது பழைய த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிளில் நிறையப் பார்த்திருக்கிறேன். சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு, அது உட்கார்ந்திருக்கும் சேம்பரின் சுவரை இறுகப் பிடிக்க வேண்டும். தோட்டா நனைந்திருந்தால் அந்தப் பிடி வழுக்கி, உதை முழுவதும் சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட்டில் விழும். த்ரீ நாட் த்ரீயில் போல்ட் பூட்டுவது பின்பக்கம் என்பதால் துப்பாக்கியின் உடம்பே நெளிந்துகொடுக்கும், குண்டு உயரம் மாறி மாறிப் போகும். மரக்கட்டை ஊறி பேரலை, அதாவது குழலை, நெருக்கினால் குறிபார்த்துச் சரிசெய்து வைத்த சீரோவும் போச்சு. உன் துப்பாக்கியில் அவ்வளவு அழுத்தம் இல்லை. ஆனாலும் தோட்டா டப்பாவை மூடியே வை, ஈரக் கையால் எடுக்காதே.

பேரல் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. 5.6 மில்லிமீட்டர் துளைக்குள் தண்ணீர் போனால், வாயை விரலால் மூடிய ஸ்ட்ராவில் ஜூஸ் நிற்பதுபோல் நின்றுவிடும், கவிழ்த்தாலும் இறங்காது. அப்படியே சுட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். சந்தேகம் வந்தால் முதலில் தோட்டாவை எடுத்துவிடு. முனையைக் கீழே பிடித்து போல்ட்டைத் திற. காற்று உள்ளே போனதும் தண்ணீர் இறங்கிவிடும். அப்புறம் காய்ந்த துணியை உள்ளே ஒருமுறை இழுத்துவிட்டுத்தான் அடுத்த தோட்டா.

குறிபார்க்கும் பின் சைட் துளையில் சில சமயம் நீர் படலமாக நின்றுவிடும், டார்கெட் மங்கலாகத் தெரியும். ஊதினால் போதும். மேகம் கட்டினால் அந்தத் துளையைப் பெரிதாக்கும் ஐரிஸைக் கொஞ்சம் திறந்துகொள்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் ஈரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டாதே. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தை விடாது, ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். ஜாக்கெட்டை நிழலில் உலர்த்து.

சரி, இந்த வாரம் மழையிலேயே சுடு. எந்தக் காற்றுக்கு சைட்டை எத்தனை கிளிக் திருப்பி வைத்தாய் என்று நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா பருப்புப் பொடி பார்சல் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா