கேரி கோல்மேனைக் கெடுத்தது புகழ்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, குழந்தை நடிகர் கேரி கோல்மேனை 'இளமையில் வந்த புகழைத் தாங்க முடியாமல் சீரழிந்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. வங்கியில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஒரு குடும்பம் நொடித்துப்போனால் முதலில் கணக்கைப் பார்ப்பது என் பழக்கம். அப்படிப் பார்த்தால் அந்த வரி கோல்மேனுக்குச் சற்றும் பொருந்தவில்லை.

1968-ல் இல்லினாய் மாநிலத்தில் சயன் என்ற ஊரில் பிறந்து, கைக்குழந்தையாகவே தத்துக் கொடுக்கப்பட்டவர் அவர். பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு. 1973-லும் 1984-லும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். இரண்டும் நிலைக்கவில்லை, டயாலிசிஸ்தான் துணையாயிற்று. நோயும் அதற்குக் கொடுத்த மருந்துகளும் சேர்ந்து வளர்ச்சியை நிறுத்திவிட்டதால் உயரம் 4 அடி 8 அங்குலத்தைத் தாண்டவில்லை. 1978-ல் 'டிஃப்ரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' தொடர் தொடங்கியபோது பத்து வயதுக் கோல்மேன் எட்டு வயது ஆர்னால்டாக நடித்தார். 1986-ல் தொடர் முடிந்தபோது அவருக்குப் பதினெட்டு. கன்னத்தை உப்பிக்கொண்டு, அண்ணனாக வருபவரைப் பார்த்து "என்ன பேசுறே, வில்லிஸ்?" என்று அவர் கேட்பதை ஒரு நாடே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மற்ற தொடர்களில் பிள்ளைகள் வளர்ந்து குரல் உடைந்துபோவது தயாரிப்பாளர்களுக்குத் தலைவலி. இங்கே ஒரு சிறுவனின் நோயே அந்தத் தலைவலியைத் தீர்த்து வைத்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

தொடரின் உச்சத்தில் ஓர் அத்தியாயத்துக்கு 1 லட்சம் டாலர் வரை அவருக்குச் சம்பளம் கிடைத்தது. அந்தப் பணத்தை நிர்வகித்தவர்கள் வளர்ப்புப் பெற்றோரும் ஆலோசகரும். வயது வந்த பிறகு கணக்கைக் கேட்ட கோல்மேன், 1989-ல் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தார். 1993-ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கொடுக்கச் சொன்னது. வளர்த்தவர்களோடு வழக்காடிப் பெற்ற அந்தப் பணம் ஏழு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. 1999-ல் அவர் திவால் மனு கொடுத்தார். அப்போது பெற்றோர், கணக்கர்கள், வழக்கறிஞர்கள் என்று எல்லோரையும் குறை சொன்னவர், அந்தப் பட்டியலில் தம்மையும் சேர்த்துக்கொள்ளத் தவறவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இடையில் அவர் பாதுகாவலர் வேலை பார்த்தார். 1998-ல் அந்த வேலைக்காகக் குண்டு துளைக்காத சட்டை வாங்கக் கலிபோர்னியாவில் ஒரு கடைக்குப் போன இடத்தில், கையெழுத்துக் கேட்ட பெண்ணுடன் வாய்த்தகராறு முற்றி அவரை அடித்துவிட்டார். அது குற்றந்தான், நீதிமன்றமும் அப்படியே கொண்டது. ஆனால் செய்தியாளர்களுக்கு அது கேலிக்கூத்தாகிவிட்டது. 2003-ல் கலிபோர்னியா ஆளுநர் பதவிக்கு நடந்த சிறப்புத் தேர்தலில், ஒரு வார இதழ் நையாண்டிக்காகவே கட்டணம் செலுத்தி அவரை நிறுத்தியது. 135 வேட்பாளர்களில் எட்டாவது இடம், 14,242 வாக்குகள். 2010 மே மாதம் யூட்டா மாநிலத்தில் தம் வீட்டில் விழுந்து மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு, 28-ஆம் தேதி பிரோவோ நகர மருத்துவமனையில் இறந்தார். வயது 42.

அதே தொடரில் அக்காவாக வந்த டேனா பிளேட்டோ, 1991-ல் லாஸ் வேகாஸில் ஒரு வீடியோ கடையில் காற்றுத் துப்பாக்கி ஒன்றைக் காட்டிப் பணம் பறித்துக் கைதானவர். 1999-ல் அளவுக்கு மீறிய மருந்தால் 34 வயதில் இறந்தார். வில்லிஸாக நடித்த டாட் பிரிட்ஜஸும் போதையில் விழுந்து, கொலை முயற்சி வழக்கில் விடுதலையாகி, பின்பு மீண்டு வந்தார். மூவரையும் ஒரே கயிற்றில் கட்டி 'தொடரின் சாபம்' என்று எழுதுவது எளிது. கோல்மேனின் கதையில் போதை கிடையாது. நோயும், கணக்குக் கேட்க முடியாத பணமும்தான் உண்டு.

இதற்குச் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. சாப்ளினுடன் 1921-ல் நடித்த ஜாக்கி கூகன், தாம் சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டார்கள் என்று 1938-ல் நீதிமன்றம் போனதன் விளைவாக, 1939-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. நீதிமன்ற ஒப்புதல் பெற்ற ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அது பொருந்தியதால் ஓட்டை பெரிதாகவே இருந்தது. குழந்தையின் வருமானம் குழந்தைக்கே சொந்தம் என்றும், அதில் 15 விழுக்காட்டை வேலை கொடுப்பவரே தனிக் கணக்கில் போட வேண்டும் என்றும் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2000-ல்தான். அதற்குள் கோல்மேன் திவாலாகி முடிந்திருந்தது.

நம் நாட்டிலும் 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள், குழந்தை நடிகரின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்கின்றன. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பவையும் அவற்றில் உண்டு. எஞ்சிய 80 விழுக்காட்டுக்கு யார் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை அந்த விதி சொல்லவில்லை. தங்கள் இதழ் அடுத்த முறை ஒரு சின்னத்திரைச் சிறுமியைப் பேட்டி காணும்போது, பிடித்த சாக்லேட் எது என்று கேட்பதோடு நிற்காமல், அந்த வைப்பு ரசீது யார் கையில் இருக்கிறது என்று தயாரிப்பாளரிடமும் பெற்றோரிடமும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
திருச்சி.